எதிராளியின் கைக்குத் தைத்த காலர்

1

இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து வந்தது. எந்த மனிதரும் சொல்லிக் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வந்து இதெல்லாம் நடந்ததா என்று யாரும் என்னைக் கேட்கக்கூடாது.

நான் இரவுக் காவல் பார்க்கும் கட்டடம் ஒரு காலத்தில் ஊரின் பொது மண்டபமாக இருந்தது. வெர்மான்டின் வடக்கு மூலை. மாடியில் ஊரின் பழம்பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த மேப்பிள் வாளிகள், போருக்குப் போனவர்களின் தண்ணீர்க் குடுவைகள், ஒரு பொய்க்கால். அவற்றுக்கு நடுவில் ஒரு கித்தான் கோட்டு. கீழே அட்டை: "மல்யுத்தக் கோட்டு. ஏறக்குறைய 1880. உடையவர் பெயர் தெரியவில்லை."

பல குளிர்காலங்களாக அதைக் கடந்து நடந்திருக்கிறேன். போன ஜனவரியில்தான் டார்ச் வெளிச்சம் சாய்வாக விழுந்து அதன் காலர்த் தையல் கண்ணில் பட்டது. கோட்டின் மற்ற தையல்கள் எல்லாம் சாதாரணப் பருத்தி நூல். காலரில் மட்டும் குதிரைச் சேணம் தைக்கும் மெழுகு நூல். இரட்டை வரிசை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துத் தைத்த மாதிரி இறுக்கம்.

எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று புரிய அந்த ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒரே பத்தியில் சொல்லி முடிக்கிறேன்.

இந்தப் பக்கத்து மல்யுத்தத்தில் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். வலது கையால் மற்றவனுடைய காலரைப் பிடிக்க வேண்டும். இடது கையால் அவன் முழங்கைத் துணியை. அதன் பிறகு விழும்வரை எந்தக் கையையும் எடுக்கக்கூடாது. எடுத்தவன் தோற்றான். வேலையெல்லாம் காலுக்கும் இடுப்புக்கும்தான். கொக்கி போடலாம், வாரலாம், இடுப்பில் ஏற்றித் தூக்கி எறியலாம். இரண்டு தோளும் ஒரு இடுப்பும் தரையைத் தொட்டால் ஒரு சுற்று போச்சு. அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தது, பண்ணைப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் கற்றது. உள்நாட்டுப் போரில் இந்த ஊர்ப் படைகள் இதை முகாம் முகாமாக எடுத்துப் போயின. போர் முடிந்து வேறு எதிலும் மனம் ஒட்டாமல் திரும்பியவர்கள் இதையே பிழைப்பாக்கிக்கொண்டு மதுக்கடைகளிலும் மண்டபங்களிலும் சீட்டு விற்று ஆடினார்கள். அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தம் என்பது, ஓரளவுக்கு, ஒருவன் கோட்டை இன்னொருவன் பிடித்துக்கொண்டு தொடங்கியது.

ஆக, காலர் என்பது எதிராளிக்கு நாம் கொடுக்கும் கைப்பிடி. புத்தியுள்ளவன் அதைப் பலவீனமாக்குவான். யாருக்கும் தெரியாமல் உள்தையலைப் பிரித்துவிடுவான், பன்றிக் கொழுப்பைத் தடவுவான். தன்னைத் தூக்கி எறியப்போகிறவனின் கைப்பிடியைச் சேண நூல் போட்டுக் கெட்டியாக்குகிறவன் யார்?

எனக்குத் தோன்றிய பதில்தான் இந்தக் கதை.

2

தொடக்கங்கள்.

"மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. மேப்பிள் மரங்களில் சாறு இறங்க ஆரம்பித்திருந்தது. பண்ணைக்காரர்கள் வாளிகளைக் கழுவிக்கொண்டிருக்க, ஆல்வா பிரென்டிஸ் மட்டும்—"

வேண்டாம். வானிலையை முன்னால் நிறுத்திவிட்டு எழுதுகிறவன் பின்னால் ஒளிந்துகொள்கிற வேலை இது.

"போரிலிருந்து உயிரோடு திரும்பிய ஆல்வா பிரென்டிஸ், அதற்குப் பிறகு எதற்கும் அஞ்சாத—"

பொய். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற ஆள் மாதிரி இருக்கிறது.

"ஆல்வா பிரென்டிஸுக்குப் பயம்."

இது இருக்கட்டும்.

பயம் கழுத்தில் இருந்தது. போன இலையுதிர் காலத்தில் கருங்கல் குவாரி ஊர் ஒன்றில் நடந்த ஆட்டத்தில் ஆல்வா தலைகீழாக விழுந்தான். எழுந்து நடந்தான், கைகூடக் குலுக்கினான். ஆனால் அன்றிலிருந்து தலையைக் குனிந்தால் முதுகுவழியாகக் குதிகால்வரை மின்னல் ஒன்று ஓடியது. இடது கையில் கடைசி இரண்டு விரல்களில் உணர்ச்சி இல்லை. பூட்ஸ் கயிறு கட்டும்போது விரல் கயிற்றில் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மனித வைத்தியரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று குதிரை வைத்தியரிடம் போனான்.

"திரும்பு. இந்தப் பக்கம். நிறுத்து, நிறுத்து. வலிக்குதா?"

"வலிக்கல டாக்டர். கால் வரைக்கும் மின்னுது."

"நீ குதிரையா இருந்தா இப்பவே சுட்டிருப்பேன்."

"நான் குதிரை இல்லையே."

"அதான் என்ன செய்யறதுன்னு தெரியல. இங்க பாரு, இன்னொரு தடவ தலைகீழா விழுந்தேன்னா, அப்புறம் உனக்குக் கஞ்சி ஊட்ட ஆள் வேணும். அதுவும் நீ அதிர்ஷ்டக்காரனா இருந்தா."

அடுத்த ஆட்டத்திலிருந்து விலகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சவால் ஏற்கெனவே பத்திரிகையில் வந்தாயிற்று. காரணம் சொல்லாமல் விலகினால் கோழை. காரணம் சொன்னால், அவன் கழுத்து இனி ஊர்ச்சொத்து. அதோடு இந்த ஆட்டம் பேசிவைத்த ஆட்டம். ஆல்வா தோற்பதற்கு ஒப்புக்கொண்டிருந்தான். தோற்கப்போகிறவனை எதற்காக முரட்டுத்தனமாகப் போடப்போகிறார்கள்? மெதுவாக இறக்கிவைப்பார்கள். இதுதான் கடைசி ஆட்டம். இப்படித்தான் அவன் கணக்குப் போட்டான்.

(பேசிவைத்த ஆட்டம் என்றால் ஏமாற்று என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களை அடிப்பதற்கென்றே வந்தவனிடம் உங்கள் எலும்புகளை நம்பி ஒப்படைப்பது. அதைவிடப் பயங்கரமான உறவு எனக்குத் தெரியவில்லை.)

3

லோவினாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆல்வாவின் மனைவி. முதல் வரைவில் அழுதாள். வெட்டினேன். இரண்டாவதில் முழந்தாளிட்டு ஜெபித்தாள். அதையும் வெட்டினேன். கணவனின் இடம்மாறிய விரல்களைச் சமையலறை மேசையில் வைத்து இழுத்துப் பொருத்தியவள் அவள். அவளுக்கு அழுகை தெரியாது என்று சொல்லவில்லை. என் கண்ணெதிரே அழமாட்டாள், அவ்வளவுதான்.

மூன்றாவது வரைவில் கேள்வி கேட்டாள்.

"யாரு தூக்கிப் போடப்போறது?"

"ஜோதாம் சேல்ஸ். ஏரிக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டறவன்."

"கை எப்படி?"

"நல்ல கை. புடிச்சா விடமாட்டான்."

"அப்ப உன் காலர் தாங்குமா?"

ஆல்வா அடுப்பில் விறகைத் தள்ளினான்.

"குவாரி ஊர்ல எப்படித் தலைகீழா விழுந்த? சொல்லு."

"காலர் கிழிஞ்சு போச்சு."

"யாரு கிழிச்சது?"

"அதுவாத்தான்."

"ஆல்வா."

"சரி, நாந்தான் உள்தையலப் பிரிச்சிருந்தேன். எல்லாரும் பிரிப்பாங்க லோவினா. பிரிக்காம யாரு ஆடறா?"

"எல்லாருக்கும் ரெண்டு விரல் செத்துப்போகல." அவள் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அந்த ஆளு உன்னத் தலைகீழா போடல. இடுப்புல ஏத்தித் தூக்கினான், தோள் மேல விழவைக்கத்தான் பாத்தான். பாதியில பாத்தா அவன் கையில வெறும் துணி. நீ தனியா விழுந்த."

இந்த ஆட்டத்தில் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. எதிராளிக்குப் பிடி கிடைக்கக்கூடாது என்று தையலைப் பிரிப்பார்கள். காற்றில் இருக்கும்போது அந்த எதிராளியின் பிடி ஒன்றுதான் தலைக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிறது என்பது காற்றில் இருக்கும்போதுதான் தெரியும்.

லோவினா சேணக் கொட்டகையிலிருந்து குத்தூசியும் மெழுகு நூலும் கொண்டுவந்தாள். காலரை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குத்தினாள்.*

"சொல்லிடு அவன்கிட்ட," என்றாள்.

"சொன்னா?"

"மெதுவா வைப்பான்."

"இல்லன்னா?"

மெழுகு நூலைப் பல்லால் கடித்து அறுக்க முடியாது. கத்தியால் அறுத்தாள்.

"இல்லன்னா எங்க போட்டா நீ எழுந்திரிக்கமாட்டேன்னு தெரிஞ்சுக்குவான்."

* கித்தானில் சேண நூல் போட்டு நானும் தைத்துப் பார்த்தேன். ஒரு அங்குலம் முடிவதற்குள் கட்டைவிரலில் ரத்தம். காலர் முழுவதும் இரட்டை வரிசை போட்டவள் கோபத்தில் இருந்திருக்க வேண்டும், அல்லது நான் இன்னும் எழுதத் துணியாத ஏதோ ஒன்றில்.

4

ஜோதாம் சேல்ஸுக்கு முதலில் கன்னத்தில் தழும்பும் சொத்தைப் பல்லும் கொடுத்திருந்தேன். கெட்டவனைப் பல்லிலேயே காட்டிவிடுகிற சோம்பேறித்தனம். பற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் சிரித்த முகமாக, சர்க்கரை தூவிய டோனட் ஒன்றைத் தின்றுகொண்டு, சத்திரத்தின் பின்பக்கத்துக் குதிரைக் கொட்டகையில் ஒரு தீவனப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். தழும்பு இருந்தபோதே தேவலை. அப்போது எனக்கு இவ்வளவு பயம் இல்லை.

ஆட்டத்தன்று முற்பகல். பேசி முடிப்பதற்காக மூவரும் கூடியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் கீகன். மதுக்கடைக்காரர், இந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர். தன்னைவிட மூத்தவனையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"சீக்கிரம் முடிங்க தம்பிகளா. உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா எவனாவது பாத்தான்னா நம்ம மூணு பேருக்கும் தார் பூசி, கோழி இறகு ஒட்டி ஊர்கோலம் விட்டுடுவானுங்க. மொத சுத்து பிரென்டிஸ். ரெண்டாவது சேல்ஸ். மூணாவதும் சேல்ஸ். சரியா?"

"மொத சுத்துல என்னைக் கொஞ்சம் மரியாதையா விழவிடுப்பா பிரென்டிஸ்," என்றான் ஜோதாம். "போன வருஷம் ஒரு சந்தையில ஒருத்தன் என்னைச் சாணி மேல போட்டான்."

"இது மண்டபம். சாணி கெடையாது."

"ஊர்க்காரங்க கூட்டம் போட்டுப் பேசற எடந்தானே? இருக்கும்."

கீகன் சிரித்தார். ஆல்வாவும் சிரித்தான். சிரிக்கும்போது தலை ஆடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தான்.

"மூணாவதுதான் விஷயம்," ஜோதாம் தொடர்ந்தான். "ட்ராய் பட்டணத்துலேருந்து ரயில்ல ஆளுங்க வந்து எறங்கியிருக்கானுங்க. எல்லாம் பந்தயம் கட்டறவனுங்க. போன மாசம் அவனுங்க ஊர்ல ரெண்டு பேரு படுக்கையில படுக்கற மாதிரி மெதுவா விழுந்தானுங்களாம். ஒருத்தனுக்குத் தாடை ஒடைஞ்சு போச்சு."

"விழுந்ததுலயா?"

"ஜனங்க அடிச்சதுல."

"அதனால?" என்றார் கீகன்.

"அதனால பெருசா ஒண்ணு வேணும். இடுப்பு மேல ஏத்தி ஒரே தூக்கு. கால் ரெண்டும் கூரையப் பாக்கணும். விழற சத்தம் கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்கும் கேக்கணும். இல்லன்னா இன்னிக்கு என் தாடைதான்."

"நல்ல யோசனை," என்று சொல்லிவிட்டுக் கீகன் கதவிடுக்கில் வெளியே பார்த்தார். "நான் போறேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஆளுக்கொரு பக்கமா வாங்க."

கீகன் போன பிறகு ஜோதாம் ஆல்வாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்னய்யா, வெளுத்துப்போயிட்ட?"

"குளிரு."

"வெளிய வெயில் அடிக்குது. பனியெல்லாம் உருகி ஓடுது."

ஆல்வா வாயைத் திறந்தான். "ஜோதாம், என் கழுத்து—"

5

அந்த வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.

முதல் விதத்தில் ஆல்வா எல்லாவற்றையும் சொல்கிறான். ஜோதாம் டோனட்டைக் கீழே வைத்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லக்கூடாதாய்யா?" என்று அவன் தோளில் கை வைக்கிறான். எழுதி முடித்ததும் அசிங்கமாக இருந்தது. ஜோதாம் நல்லவனாக இருக்கக்கூடாது என்றில்லை. தன் தாடையைப் பற்றி இப்போதுதான் பேசி முடித்த ஒருவன், அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுவான் என்பதை நான் நம்பவில்லை. நான் நம்பாததை நீங்களும் நம்பமாட்டீர்கள்.

இரண்டாவது விதத்தில், சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல" என்கிறான். அப்புறம் மண்டபத்தில் என்ன நடந்தாலும் அது விபத்துதான். கூரை ஓடு விழுந்து செத்தான் என்பது மாதிரி. கதைக்கு ஒரு மனிதன் போதாது. தெரிந்துகொண்டு கையை உயர்த்துகிற இன்னொருவனும் வேண்டும்.

(இங்கே ஒரு நிமிடம் எழுதுவதை நிறுத்தினேன். எனக்கு அது வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஆல்வாவுக்கு அது வேண்டாம்.)

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். அந்த மாதிரி ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று தோன்றுகிறது.

"ஜோதாம், என் கழுத்து— காலர நல்லா தச்சிருக்கு. நம்பிப் புடிக்கலாம். கீழ வர்ற வரைக்கும் விடாதே."

ஜோதாம் மெல்லுவதை நிறுத்தினான்.

"தன் காலரத் தானே எவனாவது கெட்டியா தைப்பானா?"

"பொண்டாட்டி தச்சா."

"எனக்காகவா?" ஜோதாம் வாய்விட்டுச் சிரித்தான். "அடேயப்பா! என் வீட்டுக்காரி எனக்குக் காலுறை ஓட்டைகூடத் தைக்கமாட்டா. உன் பொண்டாட்டி என் கைக்குக் காலர் தைக்கிறா!"

சிரிப்பு நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே நின்றது. விரல்களில் ஒட்டியிருந்த சர்க்கரையை ஒவ்வொரு விரலாகக் கால்சட்டையில் துடைத்தான். பிறகு எழுந்து, "மண்டபத்துல பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனான்.

அவனுக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவனை உண்டாக்கியவன் நான். எனக்கே தெரியாது.

6

மண்டபம். நான் காவல் காக்கிற அதே மண்டபம், ஆனால் நடுப்பகல், ஜன்னல்கள் வழியாக வெயில். பெஞ்சுகளை ஓரமாக இழுத்துப் போட்டு நடுவில் மரத்தூள் பரப்பியிருக்கிறார்கள். அடுப்பு எரிகிறது. ஈரக் கம்பளியும் புகையிலையும் கலந்த நாற்றம். உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கம். மரத்தூளை ஒட்டிய முன்வரிசையில் ட்ராய்காரர்கள். லோவினா கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். உட்காரச் சொன்னவரிடம் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

இருவரும் கைகுலுக்கினார்கள். பிடி போடுவதற்குமுன் ஒருவன் கோட்டை மற்றவன் சோதித்துப் பார்ப்பது வழக்கம். கொழுப்பு தடவியிருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று. ஜோதாமின் கட்டைவிரல் ஆல்வாவின் காலரில் உள்பக்கமாக மெதுவாக ஊர்ந்தது. ஒரு வரிசை. இன்னொரு வரிசை. திரும்பவும் முதல் வரிசைக்கு வந்தது.

"ம்," என்றான். அவ்வளவுதான்.

முதல் சுற்று பேசியபடி போனது. ஆல்வா கால் கொக்கி போட்டான், ஜோதாம் மரியாதையாக விழுந்தான். கொஞ்சம் அதிகமான மரியாதை.

"தொடறதுக்கு முன்னாடியே விழுந்துட்டான்டா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

இரண்டாவது சுற்றில் ஜோதாம் வாரினான். சின்ன வாரல். ஆல்வா இடுப்பிலும் தோளிலும் விழுந்தான். ஆனால் விழுந்த குலுக்கலில் தலை ஒரு வெட்டு வெட்டியது. மின்னல் குதிகால்வரை ஓடியது. ஒரு கணம் இடது கை துணியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதனால் அவன் தலையைச் சாய்த்துத் தன் கையைப் பார்த்தான்.

பிடித்துத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது ஜோதாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற மல்லனை ஜோதாம் அதுவரை கண்டதில்லை. காலரின் இரட்டைத் தையல், கொட்டகையில் வெளுத்த முகம், இப்போது இந்தப் பார்வை. மூன்றும் அவன் கண்ணுக்குள் ஒன்றாகச் சேர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் எழுத வருகிறது.

இடைவேளை. ட்ராய்காரர்கள் பூட்ஸ் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"முத்தம் குடுத்துக்கிட்டது போதும், எழுந்திரிங்கடா!"

"மூணாவதும் இப்படித்தான்னா உங்க ரெண்டு பேரையும் நாங்க தூக்கிப் போடுவோம்!"

ஒருவன் கோடாலிக் காம்பு ஒன்றை எடுத்துக் குறுக்காக மடியில் வைத்துக்கொண்டான். அதில் கோடாலி இல்லை. கீகன் கதவருகே நகர்ந்து, கதவைப் பாதி திறந்து, அந்த இடைவெளியில் நின்றுகொண்டார். ஏற்பாட்டாளர் கதவிடம் போவதை இரண்டு மல்லர்களும் கவனித்தார்கள். ஜோதாம் தாடையைத் தடவிக்கொண்டான்.

லோவினா ஆல்வாவின் பெஞ்சுக்கு வந்து குனிந்தாள்.

"சொன்னியா?"

"காலரப் பத்திச் சொன்னேன்."

"கழுத்தப் பத்தி?"

"இந்தத் தொழில்ல இருக்கறவனுக்கு அது போதும் லோவினா."

"அவனுக்குப் புரிஞ்சுதா?"

"இப்பப் புரிஞ்சிருக்கு."

அவள் ஜோதாமின் பக்கம் பார்த்தாள். அவன் மரத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேளு," என்றாள். "தூக்கினவொடனே நீ கைய விட்டுடு. ரெண்டு கையையும். தரையில ஊணிக்க. தப்பாட்டம்னு சொல்லட்டும். எப்படியும் தோக்கத்தானே போற? இப்படித் தோத்துட்டு வா."

"ஊரே சிரிக்கும்."

"நானும் சேந்து சிரிக்கிறேன். விட்டுடு."

"சரி," என்றான் ஆல்வா.

அவன் மனதாரச் சொன்னான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

7

மூன்றாவது சுற்று. பிடி போட்டார்கள். சுற்றினார்கள். ஜோதாமின் இடுப்பு உள்ளே நுழைந்தது. ஆல்வாவின் பாதங்கள் மரத்தூளை விட்டுக் கிளம்பின. இடுப்பு, முழங்கால், பூட்ஸ், எல்லாம் மேலே. அவன் கண்ணுக்குக் கூரை உத்தரங்கள் கீழே. மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஆல்வா கையை விட்டான்."

இந்த வாக்கியத்தை எழுதினேன். அடித்தேன். மறுநாள் வந்து மறுபடி எழுதினேன். "லோவினா சொன்னபடியே ஆல்வா கையை—" அடித்தேன். "கடைசிக் கணத்தில் அவன் விரல்கள் தளர்ந்—" இலக்கணமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்கமாட்டேன் என்கிறது.

ஏனென்றால் அவன் இந்த ஊரில் பிறந்தவன். நடை பழகிய கையோடு பிடி பழகியவன். விட்டால் தோற்றாய் என்று அண்ணன்மாரும், பக்கத்துப் பண்ணைக்காரர்களும், முகாமில் கூடாரத்தைப் பகிர்ந்தவர்களும் அவன் விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூளை திற என்றது. மூளையிடம் கேட்டு நடக்கிற விரல்களாக அவை எப்போதும் இருந்ததில்லை. விழப்போகிறோம் என்று உடம்பு உணர்ந்ததும் அந்த ஊர்க் கைகள் ஒன்றைத்தான் செய்யும். இன்னும் இறுக்கும். உணர்ச்சி செத்த அந்த இரண்டு விரல்கள்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக இறுக்கியிருந்தன.

அவனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. காப்பாற்றலாம், கொல்லலாம், இரண்டும் காலரைப் பிடித்திருக்கிற கையிடம் போய்விட்டது. அந்தக் கைக்குத் தன் தாடையைப் பற்றிப் பயம். முன்வரிசையில் கோடாலிக் காம்பு. ஏற்பாட்டாளர் கதவில். மென்மையாக வைத்தால் இருவருக்கும் அடி. கொஞ்சம் மணிக்கட்டைத் திருப்பித் தலைகீழாகப் போட்டால் போதும், சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்கும்.

ஜோதாமின் வாய் ஆல்வாவின் காதருகே இருந்தது. அவன் ஏதோ சொன்னான்.

"பயப்படாதே" என்று எழுதிப் பார்த்தேன். "மன்னிச்சுக்கய்யா" என்று எழுதிப் பார்த்தேன். "உன் பொண்டாட்டி தையல் நல்லாத்தான் இருக்கு" என்றும் எழுதினேன். இந்த மூன்றில் அதுதான் என்னை அதிகம் நடுங்கவைத்தது, ஏனென்றால் அதற்குப் பிறகு இரண்டில் எதுவும் நடக்கலாம். மூன்றையும் அடித்துவிட்டேன். வெறும் மூச்சுச் சத்தமாகவும் இருந்திருக்கலாம்.

ஆல்வா அங்கே, காற்றில் இருக்கிறான், இன்னும். நான் பல நாட்களாக அவனை அங்கேயே வைத்திருக்கிறேன்.

8

கோட்டைப் பற்றி ஒன்றை இதுவரை சொல்லவில்லை. முன்னாலேயே சொல்லியிருந்தால் நீங்கள் ஆல்வாவைப் பார்த்திருக்கமாட்டீர்கள், அதையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

வலது கைப்பகுதி மணிக்கட்டிலிருந்து தோள்வரை நேராக வெட்டப்பட்டிருக்கிறது. கத்திரிக்கோல், அல்லது நல்ல கத்தி. வெட்டு தோளைத் தாண்டி மேலே ஏறி, காலரில் வந்து நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் மெழுகு நூலில் இரண்டு மூன்று கீறல்கள். அறுக்கப் பார்த்து, முடியாமல் விட்டிருக்கிறார்கள். காலர் அன்று மண்டபத்தில் கிழியவில்லை. கத்திக்கும் கிழியவில்லை.

கையைத் தூக்க முடியாத ஆளின் உடம்பிலிருந்துதான் கோட்டை இப்படி வெட்டிக் கழற்றுவார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்தவனுக்கும் அப்படித்தான். கடைசியாகக் குளிப்பாட்டப்படுகிறவனுக்கும் அப்படித்தான்.

இன்னும் ஒன்று. அந்த வெட்டு திரும்பத் தைக்கப்பட்டிருக்கிறது. அதே மெழுகு நூல், அதே இறுக்கம், அதே கை. ஒருவன் தேறி வந்து, இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தால் தைத்திருப்பாள். யாரும் கேட்காமலும் தைத்திருப்பாள். கிழிந்த துணியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெரியாது. இதில் எது என்று கண்ணாடிப் பெட்டிமேல் நெற்றியை வைத்து எவ்வளவோ நேரம் பார்த்திருக்கிறேன். நூல் நூலாகத்தான் இருக்கிறது.

எனவே முடிவு என்னிடம் இல்லை. ஒரு முடிவை எழுதலாம். ஜோதாம் மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பி ஆல்வாவைத் தோள்மேல் இறக்குகிறான், எலும்பு முறிகிற சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்கிறது, ட்ராய்காரர்கள் திருப்தியாக எழுந்து போகிறார்கள் என்று. அது சாமர்த்தியமான முடிவு. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்துவிடுகிறது. அதனாலேயே அதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொன்றையும் எழுதலாம். அதை எழுத உட்கார்ந்தபோது என் கை எவ்வளவு சுலபமாக ஓடியது என்று பார்த்து நிறுத்திவிட்டேன். ஜோதாமின் கை, ஜோதாமின் கை என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருப்பது என் கைதானே. என் முன்வரிசையிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு சத்தம் கேட்க வேண்டும். நான் மெதுவாக வைத்தால் ஏமாற்று என்பீர்கள்.

கோடாலிக் காம்பு உங்களில் யார் மடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆல்வா மேலே இருக்கிறான். பூட்ஸ் இரண்டும் கூரையைப் பார்க்கின்றன. லோவினா கடைசி ஜன்னலிலிருந்து, "விட்டுடு, விட்டுடு," என்று கணவனுக்குச் சொல்கிறாள். அது அவனுக்குக் கேட்கிறது. ஜோதாமுக்கும் கேட்கிறது. ஆல்வாவால் விட முடியாது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் இந்த மாவட்டத்தில் பிறக்கவில்லை. பிழைக்க வந்தவன். சின்ன வயதில் யாரும் என் விரல்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கை திறக்கும்.

காலர் கிழியாது, அதை ஒருத்தி பார்த்துக்கொண்டாள். என் கைக்குப் பதில் உங்கள் கையை உள்பக்கமாக நுழைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு இரட்டைத் தையல் தட்டுப்படும். அதுதான். இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்களா?

நான் விடுகிறேன்.